வேலை போனா ‘நான்’ போயிடுவேனா? திருச்சுழிக்குப் போன ஒரு பஸ் பயணமும், ‘நான் யார்?’ வாசிப்பும்

எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம். பேச்சு வழக்கை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.

இந்த எபிசோடை நான் மூணு தடவை ரெக்கார்ட் பண்ணி, மூணு தடவையும் அழிச்சுட்டேன். ஏன்னா இதுல ஒரு பொய்யைப் பத்திப் பேசணும். அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு வேலை போச்சு. சென்னையில ஒரு ஐடி கம்பெனி. காலையில பத்து மணிக்கு ஒரு மீட்டிங், மொத்தம் இருபது நிமிஷம். மதியத்துக்குள்ள லேப்டாப் லாக் ஆயிடுச்சு. அன்னைக்கு எனக்கு முதல்ல வந்த பயம் பணத்தைப் பத்தினது இல்லை. ‘லிங்க்ட்இன்ல என் பேருக்குக் கீழ இனிமே என்ன போடுறது?’ இதுதான் முதல் பயம். இப்போ சொன்னா சிரிப்பு வருது. அன்னைக்கு வரலை.

ரூமைக் காலி பண்ணிட்டு சிவகாசிக்கு வந்துட்டேன். வீட்டுல ‘வொர்க் ஃப்ரம் ஹோம்’னு சொன்னேன். தினமும் காலையில ஒன்பதரைக்கு என்னோட பழைய லேப்டாப்பைத் திறந்து வச்சு, ஹெட்போன் மாட்டிக்கிட்டு, இல்லாத மீட்டிங்ல பேசுவேன். அம்மா டிவி சவுண்டைக் குறைச்சுட்டு, சத்தம் போடாம டீயை வச்சுட்டுப் போவாங்க. இப்படி நாற்பது நாள்.

ஒருநாள் ராத்திரி கரண்ட் போச்சு. நானும் அப்பாவும் மொட்டைமாடியில உட்கார்ந்திருந்தோம். அப்பா சாதாரணமா கேட்டார்: “தம்பி, வேலை போயிருச்சா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. “எப்படிப்பா தெரியும்?”

“வேலை பார்க்கிறவன் போன்ல ஒரு தடவையாவது கோவப்படுவான்ல. நீ நாற்பது நாளா சிரிச்சுக்கிட்டே பேசுற.”

அதுக்கப்புறம் அவர் சொன்னதுதான் இந்த எபிசோடுக்கே காரணம்.

ரெண்டு ஆபீஸ், ஒரே பொய்

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு தகவல். சிவகாசியில தொழிற்சாலையை யாரும் தொழிற்சாலைன்னு சொல்ல மாட்டோம். தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ். பட்டாசுத் திரி முடுக்கப் போற அக்காவும் ‘ஆபீஸ் போறேன்’னுதான் சொல்லுவாங்க. அந்தக் கணக்குல எங்க வீட்டுல ரெண்டு பேர் ஆபீஸ் போனவங்க. அப்பா இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல பயர் ஆபீஸ்ல இருந்தவர். கடைசிப் பத்து வருஷம் போர்மேன். ஊர்ல அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவங்க குறைவு. ‘போர்மேன் வீடு’ன்னு கேட்டா எங்க வீட்டைக் காட்டுவாங்க.

2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்துச்சு. பசுமைப் பட்டாசு மட்டும்தான், சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, தீபாவளி அன்னைக்கு ராத்திரி 8 மணியிலிருந்து 10 மணி வரைக்கும்தான் வெடிக்கலாம். காற்று மாசு உண்மையான பிரச்சனை, அதைப் பத்தித் தனி எபிசோடே போடலாம். ஆனா எங்க ஊர்ல அன்னைக்கு நடந்தது வேற. ஆலைகளை மூடிட்டாங்க, சில மாசம் திறக்கவே இல்லை. அப்பா பார்த்தது சரவெடி வேலை. திரும்பத் திறந்தப்போ அவரைக் கூப்பிடலை.

மொட்டைமாடியில அப்பா சொன்னார்: “ஆபீஸைத் திறந்துட்டாங்கன்னு உங்க அம்மாகிட்ட சொல்லிட்டேன்யா. மூணு வாரம் காலையில கிளம்பிப் போனேன். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துட்டு, வண்டியை எடுத்துட்டு, ரோட்டோரமா ஒரு டீக்கடையில உட்கார்ந்துட்டு, சாயங்காலம் திரும்பி வந்துருவேன்.”

நான் அப்போ காலேஜ் ஃபைனல் இயர். எனக்கு எதுவும் தெரியாது. ஆறு வருஷ இடைவெளியில, ஒரே வீட்டுல, அப்பாவும் மகனும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கோம். ரெண்டு பேரும் பணத்துக்காக அந்தப் பொய்யைச் சொல்லலை. ‘போர்மேன்’ இல்லைன்னா நான் யாருன்னு அவருக்குத் தெரியலை. ‘இன்ஜினியர்’ இல்லைன்னா நான் யாருன்னு எனக்குத் தெரியலை.

நம்ம மொழியிலயே இது இருக்கு பாருங்க. கல்யாண வீட்டுல என்ன கேப்பாங்க? ‘பையன் என்னவா இருக்கான்?’ என்ன பண்றான்னு கேட்கிறதோட நிக்கிறதில்லை, என்னவா இருக்கான்! பார்க்கிற வேலையே ஆளா ஆயிடுது.

திருச்சுழி

அடுத்த வாரம் அருப்புக்கோட்டையில ஒரு சொந்தக்காரங்க வீட்டு விசேஷம். நானும் அப்பாவும் போனோம். மதியச் சாப்பாடு முடிஞ்சதும், நாலு பேர் வந்து ‘என்னவா இருக்க?’ன்னு கேட்கிறதுக்குள்ள கிளம்பிடலாம்னு எனக்கு ஒரே அவசரம். அப்பா சொன்னார், “திருச்சுழி பக்கம்தான், போயிட்டு வருவோமா?” இன்னொரு பஸ் ஏறினோம். ரெண்டு பக்கமும் சீமைக்கருவேலம். குண்டாறு வறண்டு கிடந்துச்சு.

திருச்சுழி நம்ம விருதுநகர் மாவட்டம்தான். சுந்தரர் தேவாரம் பாடின திருமேனிநாதர் கோயில் இருக்கிற ஊர். அந்தக் கோயில் பக்கத்துல ஒரு வீடு. 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசன ராத்திரியில வேங்கடராமன்னு ஒரு குழந்தை அங்கே பிறந்துச்சு. அப்பா சுந்தரமய்யர், அந்த ஊர்ல வக்கீல். அம்மா அழகம்மாள். அந்தப் பையனைத்தான் பின்னாடி உலகம் ரமண மகரிஷின்னு சொல்லுச்சு.

நான் பிறந்து வளர்ந்த மாவட்டம். ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. ரமணர்னா திருவண்ணாமலை, கோவணம், வெளிநாட்டுக்காரங்கன்னு மட்டும்தான் மனசுல இருந்துச்சு. பட்டாசும் வெயிலும் தவிர நம்ம ஊருக்கு ஒண்ணும் இல்லைன்னு நினைச்சிட்டிருந்தேன்.

அந்த வீட்டுத் திண்ணைப் பக்கம் உட்கார்ந்துதான் போன்ல ‘நான் யார்?’ புத்தகத்தை எடுத்தேன். ரொம்பச் சின்னது. ஒரு மணி நேரத்துல படிச்சிடலாம். திரும்பி வர்ற பஸ்ல ரெண்டாவது தடவை படிச்சேன். புரிஞ்சதால இல்லை, தலைப்பு என்னைக் கேட்கிற மாதிரி இருந்துச்சு.

பதினாறு வயசுப் பையன் சொன்ன பொய்

முதல்ல கதையைச் சுருக்கமா சொல்லிடுறேன். வேங்கடராமனுக்கு 12 வயசு இருக்கும்போது, 1892-ல், அப்பா இறந்துட்டார். மதுரையில சித்தப்பா வீட்டுல வளர்ந்தான். ஸ்காட் மிடில் ஸ்கூல், அப்புறம் அமெரிக்கன் மிஷன் ஹைஸ்கூல். சுமாரா படிக்கிற, நல்லா விளையாடுற பையன்.

1896 ஜூலை. பதினாறு வயசு. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. திடீர்னு ‘நான் சாகப் போறேன்’னு ஒரு பயம். நம்மளா இருந்தா யாரையாவது கூப்பிடுவோம். அவன் படுத்துட்டான். கை காலை விறைச்சுக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு, பிணம் மாதிரி. ‘சரி, இந்த உடம்பு செத்துடுச்சு. தூக்கிட்டுப் போய் எரிச்சிடுவாங்க. அப்போ நானும் செத்துட்டேனா? இந்த உடம்புதான் நானா?’ன்னு உள்ளுக்குள்ளேயே பார்த்தான். அதுல கிடைச்ச ஏதோ ஒண்ணு கடைசி வரைக்கும் அவரை விட்டுப் போகலை.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அதுக்கு ஆறு வாரம் கழிச்சு நடந்தது. ஆகஸ்ட் 29. இங்கிலீஷ் கிராமர் பாடத்தை எழுதிட்டு வரச் சொல்லி வாத்தியார் கொடுத்த வேலை. எழுதிட்டு இருந்தவன் புத்தகத்தைத் தள்ளிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்துட்டான். அதைப் பார்த்த அண்ணன் நாகசாமி, இப்படி உட்கார்றவனுக்குப் படிப்பு எதுக்குங்கிற மாதிரி குத்தலா சொன்னார். பையன் யோசிச்சான். உண்மைதானே? எழுந்து, ஸ்கூல்ல மின்சாரம் பத்தி ஸ்பெஷல் கிளாஸ் இருக்குன்னு சொன்னான்.

பொய்! மகான் வாழ்க்கையில இது வரும்னு நான் எதிர்பார்க்கலை. ஸ்பெஷல் கிளாஸ் சொல்லிட்டு வீட்டை விட்டுப் போறது நமக்கெல்லாம் தெரிஞ்ச டெக்னிக்தான். அண்ணன், அப்படியே என் காலேஜ் பீஸ் 5 ரூபாயையும் கட்டிடுன்னார். அவன் 3 ரூபாயை எடுத்துக்கிட்டு 2 ரூபாயை ஒரு கடிதத்தோட வச்சுட்டுப் போயிட்டான்.

அந்தக் கடிதத்தைப் பாருங்க. ‘நான்’னு ஆரம்பிக்குது. ஒண்ணு ரெண்டு வரியில அந்த ‘நான்’ காணாமப் போய், தன்னையே ‘இது’ன்னு சொல்ல ஆரம்பிக்குது. கடைசியில கையெழுத்து போட வேண்டிய இடத்துல பேர் இல்லை, வெறும் கோடு. அண்ணன் பீஸ் இன்னும் கட்டலை, 2 ரூபாய் இதோட இருக்குன்னு கணக்கும் சரியா எழுதியிருக்கு. பேரை விட்டுட்டான், ஆனா கணக்கை விடலை. இதை மனசுல வச்சுக்குங்க. பின்னாடி வரும்.

இன்னொரு விஷயம். அவன் வழி பார்த்தது ஒரு பழைய அட்லஸ்ல. திருவண்ணாமலைக்கே ரயில் வந்துட்டது அதுல இல்லை. திண்டிவனம்தான் பக்கத்து ஸ்டேஷன்னு நினைச்சு 2 ரூபாய் 13 அணாவுக்கு டிக்கெட் எடுத்தான். ரயில்ல வந்த ஒரு மௌல்விதான் விழுப்புரத்துல இறங்கி மாறணும்னு சொன்னார். கொஞ்ச தூரம் ரயில், மிச்சம் நடை, கடுக்கனை அடகு வச்சுத் திரும்பவும் ரயில். செப்டம்பர் 1-ல் திருவண்ணாமலை. அன்னைக்கே தலையை மழிச்சு, பூணூலையும் கழட்டிப் போட்டாச்சு. மிச்சமிருந்த காசும் போச்சு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட இதைச் சொன்னேன். அம்மா கேட்டாங்க, “அவங்க அம்மா என்ன பாடுபட்டிருப்பா?” நியாயமான கேள்வி. அழகம்மாள் 1898-ல் தேடிப் போய் அழுது கூப்பிட்டாங்க, மகன் வரலை. 1916-ல் அம்மாவே மகன்கிட்ட வந்து தங்கிட்டாங்க. 1922-ல் இறக்கிற வரைக்கும் மகனோடதான் இருந்தாங்க. இதை மகான் கதைன்னு சொல்லி அந்த நடுவுல இருக்கிற பதினெட்டு வருஷ வலியை நான் மறைக்க விரும்பலை. நீங்களும் வீட்டை விட்டு ஓடுங்கன்னு சொல்றதுக்கு இந்த எபிசோட் இல்லை.

அகப்பற்று, புறப்பற்று

பற்றை விடுன்னு சொன்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது பொருள்தான். பைக், போன், பேங்க் பேலன்ஸ். ஆனா தமிழ்ல இதை ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க. திருக்குறள்ல துறவுன்னு ஒரு அதிகாரம் இருக்கு. அதுல ‘நான்’, ‘என்னுது’ங்கிற ரெண்டு செருக்கையும் பத்தி ஒரு குறள் வரும். பரிமேலழகர் அதுக்கு உரை எழுதும்போது ரொம்பத் தெளிவா பிரிக்கிறார். தான் இல்லாத உடம்பை ‘நான்’னு நினைக்கிறது ஒண்ணு. தனக்குச் சம்பந்தமில்லாத பொருளை ‘என்னுது’ன்னு நினைக்கிறது இன்னொண்ணு. முதலாவது அகப்பற்று, ரெண்டாவது புறப்பற்று.

என்னோட சம்பளம் புறப்பற்று. ‘நான் சம்பாதிக்கிறவன்’ங்கிறது அகப்பற்று. சம்பளம் நின்னா கஷ்டம்தான், ஆனா கடன் வாங்கலாம், செலவைக் குறைக்கலாம், வேற வேலை தேடலாம். அகப்பற்று உடைஞ்சா கடன் வாங்க இடமில்லை. நாற்பது நாள் ஹெட்போன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்தது என் பேங்க் பேலன்ஸைக் காப்பாத்த இல்லை. அந்த ‘நான்’ஐக் காப்பாத்த.

அப்பாகிட்ட இதைச் சொன்னப்போ அவர் பயர் ஆபீஸ் பாஷையில சொன்னார். “மருந்து ரூம்ல என்ன விதி? ஒரு ரூம்ல மருந்து கம்மியா இருக்கணும். ஆள் கம்மியா இருக்கணும். ரூமுக்கும் ரூமுக்கும் இடைவெளி வேணும். ஒண்ணு பத்துனா அது மட்டும் போகும். எல்லா மருந்தையும் ஒரே ரூம்ல கொட்டி வச்சா?” நான் என் மரியாதை, அன்பு, எதிர்காலம், தூக்கம் எல்லாத்தையும் ‘இன்ஜினியர்’ங்கிற ஒரே ரூம்ல கொட்டி வச்சிருந்தேன். ஒரு பொறிதான் விழுந்துச்சு.

இது நல்ல பாடம். ஹாபி வச்சுக்கோ, நண்பர்களோட பழகு, வேலை மட்டும் வாழ்க்கை இல்லைன்னு எல்லாரும் சொல்ற அறிவுரை இதுதான். ஆனா ரமணர் இன்னும் ஒரு படி போறார். ரூம்களைப் பிரிச்சு வைக்கிறதோட நிக்காம, ‘ஒவ்வொரு ரூமுக்கா போயிட்டு வர்ற அந்த ஆள் யார்?’னு கேட்கிறார்.

அந்தக் கேள்வி எப்படி வேலை செய்யுது?

‘நான் யார்?’ எழுதப்பட்ட விதமே சுவாரஸ்யமானது. 1901, 1902 வாக்குல சிவப்பிரகாசம் பிள்ளைன்னு ஒருத்தர் மலைக்குப் போறார். தத்துவம் படிச்சவர், அரசாங்கத்துல வருவாய்த் துறை வேலை. சொல்லப்போனா நம்ம மாதிரி மாசச் சம்பளக்காரர். அப்போ ரமணர் பேசாம இருந்த காலம். கேட்ட கேள்விக்கெல்லாம் எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள்தான் 1923-ல் புத்தகமா வந்துச்சு. பதில் சொன்னவருக்கு அப்போ 22 வயசு இருக்கும். இதைக் கேட்டுட்டு இருக்கிற பல பேரை விடச் சின்னவர்.

ஆரம்பத்துல ஒரு நீளமான பட்டியல் வரும். உடம்பு நான் இல்லை, கண் காது மூக்கு நான் இல்லை, மூச்சு நான் இல்லை, மனசு நான் இல்லைன்னு. நிறைய பேர் அந்தப் பட்டியலை மந்திரம் மாதிரி மனப்பாடம் பண்ணிட்டு அங்கேயே நின்னுடுறோம். ஆனா அந்தப் பட்டியல் ரமணர் எழுதிக் கொடுத்த பதிலே இல்லை, தத்துவம் படிச்ச பிள்ளை தன்னோட தெளிவுக்காகச் சேர்த்ததுன்னு ரமணரே பின்னாடி சொன்னதா பதிவு இருக்கு. அதாவது ‘நான் இது இல்லை, அது இல்லை’ன்னு சொல்லிட்டே இருக்கிறது இங்கே முறை இல்லை. முறை ரொம்பச் சின்னது.

ஒரு எண்ணம் வருது. அதைத் துரத்தாதே, அதோட போகவும் போகாதே. ‘இது யாருக்கு வருது?’ன்னு கேளு. ‘எனக்கு’ன்னு பதில் வரும். ‘அந்த நான் யார்?’னு கேட்டுட்டு, கவனத்தை அந்தப் பக்கம் திருப்பு. அவ்வளவுதான்.

என்னோட உதாரணத்தையே எடுத்துக்குவோம். ராத்திரி ரெண்டு மணி. ‘கூடப் படிச்சவன் எல்லாம் வீடு வாங்கிட்டான், என்னை யாரும் மதிக்க மாட்டாங்க.’ யாருக்கு இந்த எண்ணம்? எனக்கு. யார் அந்த நான்? உடனே வரிசையா பதில் வரும். இன்ஜினியர், போர்மேன் மகன், கிளாஸ் ஃபர்ஸ்ட், தோத்துப் போனவன். இதெல்லாம் பதில் இல்லைங்கிறதுதான் இங்கே முக்கியம். இதுவும் புதுசா வந்த எண்ணங்கள். இதெல்லாம் யாருக்கு வருது? திரும்பவும் அதே கேள்வி. நம்ம பாஷையில சொல்லணும்னா, எரர் மெசேஜைத் திட்டிட்டு இருக்காம, அது எங்கிருந்து கிளம்புச்சுன்னு ஒவ்வொரு வரியா மேல போய்ப் பார்க்கிற மாதிரி. அப்படிப் பார்க்கும்போது ஒரு சில நொடி, எந்தப் பட்டமும் இல்லாம, சும்மா ‘இருக்கேன்’னு மட்டும் இருக்கும். அப்புறம் அடுத்த எண்ணம் வந்துடும். எனக்கு இன்னைக்கு வரைக்கும் அந்தச் சில நொடிதான். அதுக்கு மேல போனேன்னு சொன்னா அது இன்னொரு பொய்.

எண்ணம் வந்துட்டே இருந்தா என்ன பண்றது? புத்தகத்துல ஒரு கோட்டை உவமை வருது. கோட்டைக்குள்ள எதிரிகள் இருக்கிற வரைக்கும் வெளியே வந்துட்டேதான் இருப்பாங்க. வர வர ஒவ்வொருத்தரா முடிச்சிட்டே இருந்தா கோட்டை ஒருநாள் கைக்கு வந்துடும். ஒவ்வொரு எண்ணத்தையும் எங்கே இருந்து வந்துச்சு, ஏன் வந்துச்சுன்னு ஆராயணுமா? பெருக்கித் தள்ள வேண்டிய குப்பையைக் கிளறிப் பார்த்து என்ன பண்ணப் போறேங்கிறார். எதிர்காலக் கவலைக்கு ஒரு ரயில் உவமை. ரயில் எல்லாப் பாரத்தையும் இழுத்துட்டுப் போகுது, அதுல ஏறின பிறகும் மூட்டையை நீ ஏன் தலையிலேயே வச்சிருக்க? திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்த பையன் சொல்றார்னு நினைச்சுப் படிச்சா இன்னும் அழகா இருக்கு.

அப்போ நூல்களை எதுக்குப் படிக்கணும்? இதுக்கும் அதுலயே பதில் இருக்கு. எல்லா நூலும் மனசை அடக்குன்னுதான் சொல்லுது. அது புரிஞ்ச பிறகு மேல மேல படிச்சிட்டே போறதுல பலன் இல்லை. படிச்சதை எல்லாம் ஒருநாள் மறக்க வேண்டி வரும். இத்தனைக்கும் இதைச் சொன்னவர் விவேகசூடாமணியைத் தமிழ் உரைநடையில கொண்டு வந்தவர். படிக்காதேன்னு அவர் சொல்லலை. படிச்சதை இன்னொரு பட்டமா மாட்டிக்காதேங்கிறார். எனக்கு அந்த அட்லஸ்தான் ஞாபகம் வருது. பழசு, முழுசாச் சரியும் இல்லை, ஆனா பையனை ரயில் ஏத்திவிட்டுச்சு. ரயில் ஏறாம அட்லஸையே வருஷக்கணக்கா படிக்கிறவங்களும் நம்மள்ல உண்டு.

அப்பா கேட்ட கேள்வி

ஒரு ஞாயித்துக்கிழமை இதையெல்லாம் அப்பாகிட்ட உற்சாகமா சொல்லிட்டு இருந்தேன். ‘உடம்பு நான் இல்லை’ங்கிற இடம் வந்ததும் அப்பா தன்னோட வலது முன்கையைத் திருப்பிக் காட்டினார். மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தீக்காயத் தழும்பு. நான் நாலாவது படிக்கும்போது ஆனது.

“இது யாருக்கு வலிச்சுது?”

என்கிட்ட பதில் இல்லை. எங்க பக்கத்துல இது வெறும் தத்துவக் கேள்வி இல்லை. ஒவ்வொரு வருஷமும் விபத்துச் செய்தி வருது. அந்த வார்டுல படுத்திருக்கிறவங்ககிட்டப் போய் உடம்பு மாயைன்னு சொல்றது ஆன்மிகம் இல்லை, கொடுமை. பாதுகாப்பு விதியை மீறினவங்களுக்கும் இழப்பீடு தராதவங்களுக்கும் அது வசதியா போயிடும். ‘பற்றை விடு’ங்கிறது எனக்கு நானே சொல்லிக்கிற வார்த்தை. அடுத்தவனோட வயித்தைப் பார்த்துச் சொல்றதுக்கு இல்லை.

ரமணரோட கடைசி வருஷத்தைப் படிச்சேன். இடது கையில புற்றுநோய்க் கட்டி. 1949-ல் மட்டும் நாலு தடவை ஆபரேஷன். டாக்டர்கள் வைத்தியம் பார்க்கிறதை அவர் தடுக்கலை. 1950 ஏப்ரல் 14-ல் மறைஞ்சார். ‘உடம்பு நான் இல்லை’ன்னு ஐம்பது வருஷத்துக்கு மேல சொன்னவர், உடம்புக்கு மருந்து போட வந்தவங்களைத் திருப்பி அனுப்பலை. வேலையும் அப்படித்தான். ஆசிரமத்துல பல வருஷம் விடியுறதுக்கு முன்னாடியே எழுந்து சமையல்கட்டுல காய் நறுக்கினவர். புத்தகங்களுக்குப் புரூஃப் பார்த்தார், கிழிஞ்ச புத்தகத்தைத் தைச்சு பைண்டிங் பண்ணார். வேலையை விட்டுடட்டுமான்னு கேட்டு வந்தவங்களை அவர் பெரும்பாலும் விடச் சொல்லலை.

அந்தக் கடிதத்தை ஞாபகம் வச்சுக்கச் சொன்னேன்ல? பேர் போச்சு, கணக்கு இருந்துச்சு. இதுதான் எனக்குப் புரிஞ்சது. விட வேண்டியது செய்யுற வேலையை இல்லை, அதைச் செய்யுறவன்னு ஒட்டிக்கிட்ட பட்டத்தை. அப்பாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, “வலி வலிதான். ஆனா ‘போர்மேன் நான், எனக்கே இப்படி ஆயிடுச்சே’ன்னு ஒரு வலி இருந்துச்சு பாரு, அது இதை விடப் பெருசு. அதைச் சொல்றாரோ?”ன்னார். ஒரு புத்தகமும் படிக்காம அவர் சொன்ன உரை அது.

புது வேஷம்

கடைசியா ஒரு எச்சரிக்கை. இதுல நான் நல்லா விழுந்து எழுந்தேன். படிக்க ஆரம்பிச்ச ரெண்டே மாசத்துல என் இன்ஸ்டா பயோவுல இருந்த ‘இன்ஜினியர்’ போய் ‘தேடல்’னு வந்துடுச்சு. வேலை தேடுற நண்பர்களைப் பார்த்து உள்ளுக்குள்ள ஒரு இளக்காரம். எல்லாத்தையும் விட்டவன் நான்! பழைய பட்டத்தைக் கழட்டிட்டு அதைவிடக் கனமான ஒண்ணை மாட்டிக்கிட்டேன். இதைக் கழட்டுறது இன்னும் கஷ்டம், ஏன்னா பார்க்க நல்லா இருக்கு.

‘நான் யார்?’ல இதுக்கும் ஒரு உவமை இருக்கு. சுடுகாட்டுல பிணத்தைக் கிளறி எரிக்கிற தடி கடைசியில அதே நெருப்புல போயிடும். அந்த மாதிரி ‘நான் யார்?’ங்கிற எண்ணம் மத்த எண்ணத்தை எல்லாம் எரிச்சுட்டுத் தானும் போயிடணும். இதை அப்பாகிட்ட சொன்னதும் சிரிச்சார். “திரி மாதிரி. வெடியைப் பத்த வச்சுட்டுத் திரியும் போயிடும்ல. வெடிச்ச பிறகு திரியைத் தேடி எடுத்து யாராவது பத்திரமா வச்சுக்குவானா?”

அன்னைக்கே பயோவுல இருந்த ‘தேடல்’ஐ அழிச்சேன்.

இன்னொண்ணு. ராத்திரி தூக்கம் வராம, சாப்பிட முடியாம, உயிரோட இருக்கிறதே பாரமா தெரிஞ்சா, தயவுசெஞ்சு டாக்டரைப் பாருங்க, வீட்டுல ஒருத்தர்கிட்டயாவது வாயைத் திறந்து சொல்லுங்க. இந்தப் புத்தகம் அதுக்குப் பதில் இல்லை. எனக்கு முதல் மருந்து கரண்ட் போன மொட்டைமாடியில அப்பா கேட்ட ஒரே ஒரு கேள்விதான். புத்தகம் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு.

இப்போ நிலவரம் சொல்லிடுறேன். ஏழு மாசம் கழிச்சு வேற வேலை கிடைச்சுது. சம்பளம் பழசை விடக் குறைவு. இந்த வேலையும் ஒருநாள் போகலாம். போனா வலிக்கும். ஆனா வீட்டுல ஹெட்போன் மாட்டிக்கிட்டு நடிக்க மாட்டேன்னு நினைக்கிறேன். அப்பா காலண்டர் சீசன்ல ஒரு அச்சகத்துல பேக்கிங் பார்க்கிறார்.

போன மாசம் ஒரு கல்யாணத்துல ஒருத்தர் அப்பாகிட்ட வழக்கம்போலக் கேட்டார்: “அண்ணாச்சி, இப்போ என்னவா இருக்கீங்க?”

நான் கொஞ்சம் பயத்தோட பார்த்தேன். அப்பா சாம்பாரை ஊத்திப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னார்: “நல்லா இருக்கேன். காலண்டர் கட்டுறேன்.”

இருக்கிறது வேற, கட்டுறது வேற. ரெண்டு வாக்கியமா பிரிச்சுச் சொல்லிட்டார்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரு சின்ன வேலை. யாராவது ‘என்னவா இருக்க?’ன்னு கேட்கும்போது, பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு நொடி நில்லுங்க. எந்தப் பட்டம் முந்திக்கிட்டு வாய்க்கு வருதுன்னு பாருங்க. அது வராமப் போனா எவ்வளவு பயமா இருக்குன்னும் பாருங்க. அங்கே இருந்து தொடங்கலாம். அடுத்த எபிசோட்ல பேசுவோம் மக்களே.